வெள்ளிமலையில் ஒரு ஆன்லைன் பரீட்சையும் இருபத்தாறு முகங்களும்

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஒரு சாஃப்ட்வேரோடு சண்டை போடப் போனேன். கார்த்திகை மழை விட்டு, மலையில் பனி இறங்க ஆரம்பித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை அது. ஊர் சுற்ற அருமையான பருவம்தான். அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ், ஜீப், செலவு விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

விஷயம் இதுதான். தாம்பரத்தில் மெடிக்கல் கோடிங் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பதையெல்லாம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் புரிகிற குறியீடுகளாக மாற்றுவது. இதே வேலையை ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிற ஒரு கோர்ஸில், சம்பளமில்லாத வழிகாட்டியாகவும் இருக்கிறேன். என் குழுவில் தர்மபுரி, நாகர்கோவில், காரைக்குடி என்று மூலைக்கொருவர். நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை. அதில் ஒருத்தி ரஞ்சிதா. வயது இருபத்திரண்டு. வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அப்பா சீசனுக்குக் கீழே கரும்பு வெட்டப் போய்விடுவார். அம்மா காத்தாயி மேட்டு நிலத்தில் சாமை போடுகிறார்.

குழுவிலேயே கெட்டிக்காரி இவள்தான். விடியற்காலையில் ஊர்த் தண்ணீர் டேங்க் பக்கம் போனால் சிக்னல் நன்றாக இருக்குமாம். அங்கே நின்று அன்றைய வீடியோ பாடத்தை இறக்கிக்கொண்டு வருவாள். சந்தேகம் வந்தால் ஏஐயிடம் தமிழிலேயே கேட்பாள். அதோடு விடமாட்டாள். "இது இப்படிச் சொல்லுது மேடம், நம்பலாமா?" என்று எனக்கு அனுப்புவாள். பாதி நாள் அது அளந்துவிட்டதை அவளே கண்டுபிடித்திருப்பாள். மெடிக்கல் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத ஒரு பெண், ஐந்து அங்குலத் திரையில் மனித உடம்பின் எலும்பையெல்லாம் படித்து முடித்தாள். இந்தப் புது யுகத்தின் நல்ல பக்கம் இது. இனி வருவதெல்லாம் மற்ற பக்கம்.

கோர்ஸின் கடைசிப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா எந்நேரமும் ஓட வேண்டும். ஆள் யாரும் கண்காணிப்பதில்லை, ஒரு சாஃப்ட்வேர்தான் கண்காணிக்கும். ரஞ்சிதா முதல் தடவை தன் வீட்டில் உட்கார்ந்து போனில் எழுதினாள். பாதியில் 'வேறு நபர்கள் காணப்படுகிறார்கள்' என்று ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டு, பரீட்சையையே மூடிவிட்டது. அறையில் யாருமே இல்லை என்று சத்தியம் செய்தாள். இரண்டாம் தடவை கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். பின்னால் யாரோ ஆதார் பிரிண்ட் எடுக்க வந்து நின்றார். அதுவும் போச்சு. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் சேலத்தில் ஒரு மருத்துவமனை வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு நேர்காணல் வைப்பதாகச் சொல்லியிருந்தது. இதுவும் மூடிக்கொண்டால், கோர்ஸும் போய், பெயருக்கு எதிரே 'முறைகேடு' என்ற வார்த்தையும் நிரந்தரமாக நிற்கும்.

நான் ஹெல்ப்லைனுக்கு எழுதினேன். சாட்பாட் வருத்தம் தெரிவித்தது. மறுபடி எழுதினேன். மறுபடி வருத்தம் தெரிவித்தது. மனிதர்களோடு பேச வேண்டும் என்று எழுதினேன். அதற்கும் அதே வருத்தம். இதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யாரோ?" என்று ஒருத்தன் சிரிப்புப் பொம்மை போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கே ஒரு ஓரத்தில் அந்தச் சந்தேகம் இருந்தது என்பதுதான் அதைவிட எரிச்சல். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து காலை ஐந்தரைக்குக் கள்ளக்குறிச்சி பஸ். எனக்கு 240 ரூபாய் ஆனது. பக்கத்து இருக்கைப் பையன் ஏதோ தேர்வுக்கான வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில், இயர்போன் இல்லாமல், உளுந்தூர்பேட்டை வரை ஓடவிட்டான். பஸ் மொத்தமும் இந்திய அரசியலமைப்பைப் படித்துக்கொண்டு வந்தோம். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கிருந்து கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, கள்ளக்குறிச்சி சேரும்போது பதினொன்றரை.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மொபைல் கடைக்குள் நுழைந்தேன். என் சிம் மலையில் வேலை செய்யுமா என்று கேட்டதுதான் தாமதம், கடைக்காரர் என் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளிமலைக்கு மேலயா? அங்க இத்து எடுக்காதுங்க. நீங்க இன்னா காசு போட்டாலும் எடுக்காது. வேற சிம்மு தரேன், அத்த எடுத்துக்கினு போங்க."

"அது கண்டிப்பா எடுக்குமா?"

"மழ கம்மியா இருந்தா எடுக்கும்."

இந்த உத்தரவாதத்தோடு புது சிம் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டரை வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகிறது. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை இடப்பக்கம் ஒரு நொடி காட்டிவிட்டு, மலை ஏற ஆரம்பிக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் என் மடியில் இருந்த லேப்டாப் மூன்று தடவை கண்டக்டர் மடிக்குப் போய் வந்தது. வழியெல்லாம் மூங்கிலும் பனியும் அழகாக இருந்ததாக நினைவு.

வெள்ளிமலையில் இறங்கி, ஆள் சேர்ந்ததும் கிளம்புகிற ஜீப்பில் ஏறினேன். தலைக்கு ஐம்பது ரூபாய். டிரைவர் சின்னசாமி, நாற்பது வயதிருக்கும். நான் போக வேண்டிய வீட்டைச் சொன்னதும் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"ரஞ்சிதா வூட்டுக்கா? அந்தப் பரிச்ச மேடமா நீங்க? இன்னாங்க இது, அந்தப் பொண்ணு காப்பியடிச்சிட்டான்னு கம்ப்யூட்டர் சொல்லுதாமே. கம்ப்யூட்டர் நேர்ல வந்து பாத்துச்சா?"

அதைப் பார்க்கத்தான் அண்ணா நானே வந்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு வழி நெடுக, ஏறியவர் இறங்கியவர் எல்லோருக்கும் அவர் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை என்ற செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரஞ்சிதாவின் வீடு மண் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறை. திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை. காத்தாயி அக்கா பாலில்லாத வரக்காப்பி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்.

"நாங்க யாரும் உள்ள போவலிங்க. கோழியக்கூட தொரத்தி உட்டுட்டுத்தான் கதவச் சாத்துனேன். வெளிய குந்திக்கினு இருந்தேன். என் பொண்ணு பொய் சொல்லாது மேடம்."

லேப்டாப்பைத் திறந்தேன். பரீட்சைக்கு முன்னால் ஒத்திகை பார்க்கிற வசதி ஒன்று அதில் உண்டு. கேமராவில் தெரிகிற முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். போனில் அது கிடையாது. ஜன்னல் கம்பியில் போனைச் சொருகினால்தான் சிக்னல், அதிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் என்பதால், ரஞ்சிதா வழக்கமாக உட்காரும் இடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஒத்திகையை ஆரம்பித்த மூன்றாவது வினாடி, 'வேறு நபர்கள்' என்றது.

காத்தாயி அக்காவை வெளியே போகச் சொன்னேன். 'வேறு நபர்கள்.' கதவைச் சாத்தினேன். 'வேறு நபர்கள்.' நான் கேமராவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அப்போதும் அதே பாட்டு. மூடித் தொலைக்கலாம் என்று குனிந்தபோதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். ரஞ்சிதாவின் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். அவள் தோளுக்கு மேலே இன்னொரு கட்டம். காதுக்குப் பக்கத்தில் ஒன்று. வலது ஓரத்தில் வரிசையாக நான்கு. அவள் அசைய அசைய, புதிது புதிதாக இன்னும்.

அவளுக்குப் பின்னால் சுவரை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. நான் உள்ளே வந்ததிலிருந்து அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. நம் ஊரில் ஃப்ளெக்ஸை யார் நின்று பார்க்கிறோம்? 'பன்னிரண்டாம் வகுப்பில் வெற்றி பெற்று ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்லம் ரஞ்சிதாவை வாழ்த்தி மகிழும்' என்று போட்டு, நடுவில் பள்ளிச் சீருடையில் ரஞ்சிதா. சுற்றிலும் பாஸ்போர்ட் அளவில் ஊர் ஜனம். எண்ணிப் பார்த்தேன், அவளை விட்டுவிட்டு இருபத்தாறு முகங்கள். அந்த ஊரிலிருந்து பிளஸ் டூ தேறிய முதல் பெண் அவள்தானாம். ஒரு வருஷம் ஜீப் நிறுத்தத்தில் தொங்கிய பிறகு, விரிசல் விட்ட சுவர் வழியாகச் சாரல் அடிக்காமலிருக்க உள்ளே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

படித்ததற்காக அவளை வாழ்த்தியவர்களையெல்லாம், அவளுக்குப் பிட்டு கொடுக்க வந்த கூட்டம் என்று அந்தச் சாஃப்ட்வேர் எழுதிவைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான்கு மாதமாக ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல வைத்தது இந்த ஃப்ளெக்ஸா? ரஞ்சிதா திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லாரும் வந்து குந்திக்கினாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கதவு வெளிச்சம் பின்னால் விழுந்து, முகமே தெரியவில்லை என்றது. இன்னொரு பக்கம் அடுப்பும் மூட்டைகளும். சரி, ஒரு புடவையை எடுத்து ஃப்ளெக்ஸ் மேல் தொங்கவிட்டால் முடிந்தது என்று கொடியிலிருந்து புடவையை உருவினேன். காத்தாயி அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா பண்றீங்க! உயிரோட கீறவங்க மூஞ்சிமேல துணிய மூடுவாங்களா?"

அப்படியானால் அவிழ்த்து, முகம் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பிக் கட்டிவிடலாம், பின்பக்கம் வெறும் வெள்ளைதான் என்றேன். அதற்கு அவர் யோசித்தார். செய்யலாம், ஆனால் சொல்லாமல் செய்யக்கூடாது என்றார். நல்லது நினைத்து முகம் கொடுத்தவர்களைச் சுவரைப் பார்க்க வைப்பதென்றால், ஒவ்வொருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுமாம்.

இருபத்தாறு பேரிடமும்! சாயங்காலம் ஆகிவிட்டது, எனக்கு இடுப்பு உடைந்துவிட்டது, இன்னும் ஒரு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. ரஞ்சிதா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், முழுக் கதையையும் கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எம்மா நேரத்துக்கு?" இரண்டு மணி நேரம், அவ்வளவுதான், முடிந்ததும் திருப்பிவிடுவோம் என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தேன். பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி இருவர் அதில் உண்டு. "மொதல்ல அவன் மூஞ்சி திரும்பட்டும், அப்பறம் என்னுத திருப்புங்க" என்றார் அண்ணன். எல்லாம் ஒரே ஷீட்டுதான் ஐயா, சேர்ந்துதான் திரும்பும் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளியூர் போனவர்களுக்குத் தண்ணீர் டேங்க் பக்கம் நின்று போன் போட்டோம். கரும்புக் காட்டிலிருந்த ரஞ்சிதாவின் அப்பாவும், "எம்மா நேரத்துக்கும்மா?" என்றுதான் கேட்டார்.

கடைசியாக ஜீப் டிரைவர் சின்னசாமி. கீழ் வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றவர் அவர்தான். அவர் முகத்துக்கு மட்டும் பச்சைக் கட்டம் விழவில்லை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப என்னிய அதுக்கு அடையாளந் தெரியில. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறனே மேடம்! அந்தப் பொண்ண ஒத்தையில உடுறதா?"

அண்ணா, தயவுசெய்து நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினேன். வருத்தத்தோடு சம்மதித்தார்.

மறுநாள் காலையில் ஊரே தெரியாத அளவுக்குப் பனி. ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டினோம். ஒத்திகையில் ஒரே ஒரு பச்சைக் கட்டம்தான் வந்தது. பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், வெளியூர் போனவர்களைத் தவிர, வாசலில் ஃப்ளெக்ஸ் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கத்த ஆரம்பித்த ஒரு ஆட்டுக்குட்டியை ஒரு அம்மாள் தூக்கிக்கொண்டு மேட்டுக்கே போய்விட்டார். பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் கோழி விரட்டினார்கள். நடுவில் ஒரு தடவை ஜன்னல் போனில் சிக்னல் போய், என் உயிரும் போய், இரண்டும் திரும்பி வந்தன.

முடிந்ததும் கதவு திறக்கும் என்று பார்த்தால் திறக்கவில்லை. பதறி உள்ளே போனேன். ரஞ்சிதா நாற்காலி மேல் ஏறி நின்று, ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படி எழுதினே?"

"எழுதிட்டேன் மேடம். இந்த முடிச்ச கொஞ்சம் புடிங்க. சொன்ன நேரத்துக்கு மேல ஆயிடுச்சி."

கிளம்பும் வழியில், மலைக்கு வந்துவிட்டு அருவி பார்க்காமல் போனால் இந்த வலைப்பதிவு வாசகர்கள் திட்டுவார்களே என்று நான் கேட்க, சின்னசாமி அண்ணன் பெரியார் அருவியில் கால் மணி நேரம் நிறுத்தினார். தண்ணீர் நிறைய இருந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிக்னல் இல்லை.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள், குழுவிலேயே முதலாவதாக. சிரிப்புப் பொம்மை போட்டவன் இப்போது கை தட்டுகிற பொம்மை போட்டான். முதல் தடவை நடந்ததை விளக்கிக் கோர்ஸ்காரர்களுக்கு ஃப்ளெக்ஸ் படத்தோடு எழுதினேன். சாட்பாட் வருத்தம் தெரிவித்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் குறைவு, நேரத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் இருப்பதை நம்பாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் ஜீப் கிடைப்பது கஷ்டம். ஸ்வெட்டர் அவசியம். எனக்குப் போக வர, சிம் உட்பட, ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தங்குவதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டிலிருந்து ஆன்லைன் பரீட்சை எழுதுகிறவர்கள், முதல் நாளே உங்கள் முதுகுக்குப் பின்னால் காலண்டர், கல்யாணப் போட்டோ, கட்சி போஸ்டர் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள். பாடம் மலை ஏறிவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். பாடத்தை அனுப்பியவர்களும் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாம். ஒரே அறையுள்ள வீட்டில் தனியறை எங்கிருந்து வரும் என்றுகூட யோசிக்காமல் விதி எழுதியிருக்கிறார்கள். கேட்காமலேயே ஊர் ஜனத்தின் முகத்தைப் பிடித்து எண்ணிவிட்டு ஒருத்தியைத் திருடி என்றது அந்தச் சாஃப்ட்வேர். காத்தாயி அக்கா கேட்காமல் ஒரு முகத்தைத் திருப்பக்கூட விடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புது ஃப்ளெக்ஸ், பழையதைவிடப் பெரிது. நடுவில் ரஞ்சிதா. சுற்றிலும் அதே இருபத்தாறு பேர், சின்னசாமி இந்தத் தடவை கண்ணாடி இல்லாமல். மேல் மூலையில் இருபத்தேழாவதாக, கொடைக்கானலில் தொப்பி போட்டு எடுத்த என் டிபி படம். என்னைக் கேட்காமலா என்று கோபத்தோடு போன் போட்டேன். போன வாரமே மெசேஜ் போட்டுக் கேட்டாளாம், நானும் எதையோ நினைத்துக்கொண்டு கட்டைவிரல் தூக்கிவிட்டேனாம். பார்த்தால் உண்மைதான். எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பழையது கிழிந்துவிட்டதால் நேராக அந்தச் சுவரிலேயே கட்டியாகிவிட்டதாம்.

சேலம் மருத்துவமனையின் வீடியோ நேர்காணல் வியாழக்கிழமை. அதுவும் முதலில் ஒரு சாஃப்ட்வேர்தான் பார்க்கும். ஞாபகப்படுத்த வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் மேடம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. திருப்பிக் கட்டட்டுமா?"

இத்தனை வருஷமாக என் முகத்தை எத்தனையோ ஆப்கள் எடுத்துவைத்திருக்கின்றன. இப்படி யாரும் கேட்டதில்லை. சரி என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் வாயில் வந்தது வேறு.

"எவ்வளவு நேரத்துக்கு?" என்றேன்.